கப்பல்களை அழைத்த மலை: குனோங் ஜெராய் உச்சியிலிருந்து எவ்வளவு தூரம் தெரியும்?



பள்ளி விடுமுறையில் சுங்கை பட்டாணியிலோ அலோர் ஸ்டாரிலோ இருக்கும் உறவினர் வீட்டுக்கு நெடுஞ்சாலை வழியாகப் போயிருக்கிறீர்களா? சுங்கை பட்டாணியைத் தாண்டி வடக்கே போகும்போது இடப்பக்கச் சன்னலைப் பாருங்கள். தட்டையான நிலத்தின் நடுவே ஒரு பெரிய மலை தனியாக நிற்கும். அதன் தலையில் பெரும்பாலும் ஒரு மேகம் உட்கார்ந்திருக்கும். அதுதான் குனோங் ஜெராய். உயரம் 1,217 மீட்டர்.

கேமரன் மலைக்குப் போய் வந்தவர்களுக்கு இது பெரிய உயரமாகத் தோன்றாது. சபாவில் இருக்கும் கினாபாலு மலை 4,095 மீட்டர். அதன் பக்கத்தில் ஜெராய் ஒரு தம்பி மாதிரிதான். ஆனால் தமிழர் வரலாற்றோடும் கடல் வணிகத்தோடும் இந்த அளவுக்குப் பின்னிப் பிணைந்த மலைச்சிகரம் நம் நாட்டில் வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. 'கடாரம்' என்று நாம் பெருமையோடு சொல்லும் ஊர் இந்த மலையின் அடிவாரத்தில்தான் இருந்தது.

வகுப்பில் ஒருமுறை பருவக்காற்றைப் பற்றிச் சொல்லிக் கொண்டிருந்தேன். நாகப்பட்டினத்திலிருந்து கெடாவுக்குக் கப்பல்கள் வந்த கதையையும் இடையில் சொன்னேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி கையைத் தூக்கினாள். "டீச்சர், கடலில் ஒன்றுமே தெரியாதே. கைப்பேசி இல்லை, ஜி.பி.எஸ். இல்லை. சரியாகக் கெடாவுக்கு எப்படி வந்து சேர்ந்தார்கள்?" நான் பதில் சொல்வதற்குள் இன்னொரு மாணவன், "மலையைப் பார்த்து வந்திருப்பார்கள்" என்றான். அவள் விடவில்லை. "மலை எவ்வளவு தூரத்திலிருந்து தெரியும்?"

அந்தக் கேள்விக்கு என்னால் உடனே எண் சொல்ல முடியவில்லை. அன்றிரவு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த கணிதமே போதும். வாருங்கள், சேர்ந்து போட்டுப் பார்ப்போம்.

பைத்தாகரஸ் தேற்றமும் கடலின் விளிம்பும்

கடற்கரையில் நின்று பார்த்தால் கடலும் வானும் தொடும் ஒரு கோடு தெரியும். அதுதான் தொடுவானம். பூமி உருண்டையாக இருப்பதால் அந்தக் கோட்டுக்கு அப்பால் இருக்கும் கடல் கீழ்நோக்கி வளைந்து மறைந்துவிடுகிறது. நாம் உயரப் போகப் போக அந்தக் கோடு நம்மைவிட்டு விலகிப் போகும்.

எவ்வளவு விலகும்? ஒரு வட்டம் வரையுங்கள். அதுதான் பூமி. மையத்திலிருந்து விளிம்பு வரை ஆரம் 6,371 கிலோமீட்டர். வட்டத்தின் மேல் ஒரு சிறிய மலையை வரைந்து, அதன் உச்சியிலிருந்து வட்டத்தைத் தொட்டுச் செல்லும் ஒரு நேர்கோடு போடுங்கள். தொடும் புள்ளியையும் பூமியின் மையத்தையும் இணையுங்கள். ஒரு செங்கோண முக்கோணம் கிடைத்துவிட்டது.

அதன் நீண்ட பக்கம், அதாவது கர்ணம், பூமியின் ஆரமும் மலையின் உயரமும் சேர்ந்தது. ஒரு பக்கம் பூமியின் ஆரம். மற்றப் பக்கம்தான் நமக்கு வேண்டிய தூரம். பைத்தாகரஸ் தேற்றத்தைப் போட்டுச் சுருக்கினால் இப்படி வரும்: தூரத்தின் வர்க்கம் ஏறத்தாழ 2 × பூமியின் ஆரம் × மலையின் உயரம். உயரத்தின் வர்க்கமும் அதில் வரும். ஆனால் அது மிகச் சிறியது என்பதால் விட்டுவிடலாம்.

இப்போது எண்களைப் போடுவோம். எல்லாம் கிலோமீட்டரில். 2 × 6,371 × 1.217 = 15,507. இதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 124.5. ஆக, ஜெராய் உச்சியில் நிற்பவருக்குக் கடலின் விளிம்பு 124 கிலோமீட்டருக்கு அப்பால்தான் இருக்கும்.

கடற்கரையில் நிற்கும்போது என்ன ஆகும்? உங்கள் கண் தரையிலிருந்து 1.6 மீட்டர் உயரத்தில் இருந்தால் தொடுவானம் வெறும் 4.5 கிலோமீட்டர்தான். போர்ட் டிக்சன் கடற்கரையில் 'முடிவில்லாத கடல்' என்று நாம் சொல்வதெல்லாம் அவ்வளவுதான்!

இனி மாணவியின் கேள்விக்கு வருவோம். மலையிலிருந்து கடல் தெரிந்தால், கடலிலிருந்து மலையும் தெரியும். ஒரு கப்பலின் பாய்மரத்தில் 10 மீட்டர் உயரத்தில் ஒருவர் ஏறி நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய தொடுவானம் 11.3 கிலோமீட்டர். மலையின் 124.5 கிலோமீட்டரை இதனுடன் கூட்டுங்கள். ஏறத்தாழ 136 கிலோமீட்டர் வருகிறது. காற்று தெளிவாக இருந்தால், கெடாக் கரைக்கு 136 கிலோமீட்டர் முன்பே ஜெராய் மலையின் நுனி கடலுக்கு மேல் ஒரு சிறு புள்ளியாகத் தலைகாட்டத் தொடங்கும். காற்று மண்டலம் ஒளிக்கதிரைச் சிறிது வளைப்பதால் உண்மையில் இன்னும் கொஞ்சம் கூடுதலான தூரத்திலிருந்தும் தெரியலாம்.

அந்தக் கப்பல் மணிக்கு 7 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்றால் கரையை அடைய ஏறத்தாழ 19 மணி நேரம் ஆகும். அதாவது முதல் நாள் பிற்பகலில் மலையைப் பார்த்தவர்கள் மறுநாள் காலையில் கரையேறலாம். வாரக்கணக்கில் வெறும் நீரையே பார்த்து வந்தவர்களுக்கு அந்தச் சிறு புள்ளி என்னவாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஏன் இந்த மலை மட்டும்?

நம் தீபகற்பத்தில் இதைவிட உயரமான மலைகள் பல உண்டு. ஆனால் தீத்திவங்சா மலைத்தொடரில் இருப்பவை ஒன்றோடொன்று தோள் சேர்த்து நிற்கின்றன. கடலிலிருந்து பார்த்தால் ஒரு நீண்ட சுவர் போலத்தான் தெரியும். எது எந்த மலை என்று சொல்வது கடினம். ஜெராய் அப்படியல்ல. கடலோரச் சமவெளியில் தனியாக எழுந்து நிற்கிறது. தவறாக அடையாளம் காண வழியில்லை.

ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் மலைக்காட்சிக்குப் பேர்போன சிகரங்களில் ஒன்று சுவிட்சர்லாந்தின் ரிகி. அதன் உயரம் 1,798 மீட்டர். 1871இல் ஐரோப்பாவின் முதல் பற்சக்கர மலை ரயில் அந்த மலையில்தான் ஓடத் தொடங்கியது. ஆனால் ரிகியின் அடிவாரத்தில் இருக்கும் லூசர்ன் ஏரியே 434 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏரியிலிருந்து பார்த்தால் ரிகி எழும்புவது 1,364 மீட்டர். கடல் மட்டத்திலிருந்தே எழும்பும் நம் ஜெராய் 1,217 மீட்டர். வேறுபாடு 150 மீட்டர்கூட இல்லை! ஒரு மலையின் காட்சியைத் தீர்மானிப்பது அதன் மொத்த உயரம் மட்டும் அல்ல. சுற்றியுள்ள நிலத்தைவிட அது எவ்வளவு உயர்ந்து நிற்கிறது என்பதும்தான்.

இந்த மலை இவ்வளவு காலம் தேயாமல் நிற்பதற்குக் காரணம் அதன் பாறை. ஜெராயின் பழைய படிவுப் பாறைகள் கேம்பிரியன் காலத்தைச் சேர்ந்தவை; ஏறத்தாழ 50 கோடி ஆண்டுகள் பழைமையானவை. தீபகற்ப மலேசியாவின் மிகப் பழைய பாறைகளில் இவையும் அடங்கும். மணற்கல் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் இறுகி, குவார்ட்சைட் என்னும் கடினமான பாறையானது. பிற்காலத்தில் அடியிலிருந்து எழும்பிய பாறைக்குழம்பு ஆறிக் கருங்கல்லாக உறைந்தது. சுற்றியிருந்த மென்மையான நிலத்தை மழையும் ஆறுகளும் அரித்துக்கொண்டு போயின. கடினமானது மிஞ்சி நின்றது.

தீவாக இருந்த மலை

கெடாவின் பழைய மலாய்க் காவியமான 'ஹிக்காயாட் மேரோங் மகாவங்சா' இந்த மலையைப் 'புலாவ் செராய்' என்று குறிப்பிடுகிறது. புலாவ் என்றால் தீவு. இது வெறும் கதையா?

இல்லை என்கிறது நிலவியல். ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முன்பு நம் கரையோரங்களில் கடல் மட்டம் இன்றைவிடச் சில மீட்டர் உயரமாக இருந்தது. இன்று நெல் விளையும் கெடாச் சமவெளியின் பெரும்பகுதி அப்போது ஆழமற்ற கடலாகவோ சதுப்பு நிலமாகவோ இருந்திருக்கும். பிறகு கடல் பின்வாங்கியது. மூடா, மெர்போக் ஆறுகள் கொண்டுவந்த வண்டல் நிலத்தை மேடாக்கியது. பழைய துறைமுகங்களின் எச்சங்கள் இன்று கடலைவிட்டு உள்ளே தள்ளிக் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மலையின் காலடியில் கடாரம்

சங்க இலக்கியமான பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்து இறங்கிய பொருள்களைப் பட்டியலிடும்போது 'காழகம்' என்ற இடத்தையும் சொல்கிறது. அது கடாரமே என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் விளக்கம் எழுதினார். கி.பி. 671இல் சீனாவிலிருந்து புறப்பட்ட யீஜிங் என்ற பௌத்தத் துறவி, இந்தியாவுக்குப் போகும் வழியில் கெடாவில் தங்கினார். இராஜராஜ சோழன் காலத்தில், ஸ்ரீவிஜயத்தையும் கடாரத்தையும் ஆண்ட அரசர் நாகப்பட்டினத்தில் கட்டிய சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊர் கொடையாக வழங்கப்பட்டது. அடுத்த தலைமுறையில், 1025 வாக்கில் இராஜேந்திர சோழனின் கடற்படை வந்து கடாரத்தைத் தாக்கியது. 'கடாரம் கொண்டான்' என்ற பட்டம் அதனால் வந்ததுதான்.

ஒரு நிமிடம். இங்கே நம்மில் பலர் செய்யும் ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன். "கடாரத்தைச் சோழர்கள்தான் கட்டினார்கள்" என்று சிலர் சொல்வார்கள். காலத்தை வரிசையாக வைத்துப் பாருங்கள். சோழர் படை வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அங்கே துறைமுகம் இருந்தது. 1834இல் ஜேம்ஸ் லோ என்ற பிரிட்டிஷ் அதிகாரி இன்றைய செபராங் பிறைப் பகுதியில் ஒரு கல்வெட்டைக் கண்டெடுத்தார். புத்தகுப்தன் என்ற கப்பல் தலைவனின் பெயர் பொறித்த அந்தக் கல் ஏறத்தாழ 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கடாரத்தை வளர்த்தவர்கள் உள்ளூர் மக்களும் அரசர்களும். தமிழர், வங்காளத்தவர், சீனர், அரபியர் எனப் பலரும் அங்கே வந்து போனார்கள். தமிழரின் பங்கு உண்மையானது. அதைப் பெரிதாக்கிக் காட்ட வேண்டிய தேவையே இல்லை.

1936, 1937ஆம் ஆண்டுகளில் குவாரிட்ச் வேல்ஸ் என்ற ஆய்வாளர் தம் மனைவியோடு இப்பகுதியில் தோண்டிப் பல கோவில் அடித்தளங்களை வெளிக்கொணர்ந்தார். அவற்றில் பெரியது சண்டி புக்கிட் பத்து பஹாட். 'பத்து பஹாட்' என்றால் செதுக்கிய கல் என்று பொருள். ஜெராய் மலையின் கருங்கல்லைக் கொண்டே அதைக் கட்டியிருந்தார்கள். 1959, 1960இல் அலஸ்டர் லாம்ப் தலைமையில் அது மீண்டும் அடுக்கி நிறுத்தப்பட்டது. அதன் பக்கத்திலேயே 1980இல் பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. மலையின் தெற்கே சுங்கை பத்துவில் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்களும் கிடைத்துள்ளன.

மலை உச்சியிலும் மனிதர்கள் விட்டுச்சென்ற தடயம் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிகரத்தில் பழங்கால கட்டுமான எச்சங்கள் கண்டறியப்பட்டன. கப்பல்களுக்கு வழிகாட்ட அங்கே தீ மூட்டியிருக்கலாம் என்று சிலர் கருதினார்கள். வழிபாட்டு இடமாக இருந்திருக்கலாம் என்று வேறு சிலர் கருதினார்கள். முடிவான சான்று இல்லை. ஆனால் நாம் போட்ட கணக்கை வைத்து ஒன்று சொல்லலாம்: கலங்கரை விளக்கம் அமைக்க இதைவிட நல்ல இடம் அந்தக் கரையில் இல்லை.

உச்சியில் நின்று சுற்றிப் பார்த்தால்

குரூன் பக்கமிருந்து மலைமேல் ஒரு தார்ச் சாலை ஏறுகிறது. சிகரத்தில் தொலைக்காட்சி, தொலைத்தொடர்புக் கோபுரங்கள் இருக்கின்றன. வருகையாளர்கள் பெரும்பாலும் அதற்குச் சற்றுக் கீழே, ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் தங்குவிடுதிப் பகுதியில் நின்று பார்க்கலாம். அங்கிருந்துகூடத் தொடுவானம் 113 கிலோமீட்டர்!

முதல் முறை நான் போனது ஒரு பிற்பகலில். சுற்றிலும் வெள்ளை மூட்டம். என் கார் நிறுத்திய இடம்கூடச் சரியாகத் தெரியவில்லை. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்கிறது. ஒவ்வொரு 100 மீட்டருக்கும் வெப்பநிலை ஏறத்தாழ 0.6 பாகை குறையும். குளிர்ந்த காற்றில் நீராவி துளிகளாகிவிடும். நெடுஞ்சாலையிலிருந்து நீங்கள் பார்க்கும் அந்த 'மலைமேல் உட்கார்ந்த மேகத்துக்குள்' நான் நின்றுகொண்டிருந்தேன். மறுநாள் காலை ஏழரை மணிக்கு மேகம் விலகியிருந்தது.

வடக்கே மூடா நீர்ப்பாசனத் திட்டத்தின் வயல்கள். ஏறத்தாழ ஒரு லட்சம் ஹெக்டேர் நெல்! நடவுக்கு முன் கண்ணாடி போல நீர் மின்னும், பிறகு பச்சையாகும், அறுவடைக்கு முன் பொன்னிறமாகும். மேற்கே மலாக்கா நீரிணை. தெற்கே மெர்போக் ஆறு சதுப்புநிலக் காடுகளுக்குள் பாம்பு போல வளைந்து கடலில் கலக்கிறது. அதற்கு அப்பால், ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தூரத்தில் பினாங்கு மலை. வடமேற்கில் 90 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி லங்காவித் தீவின் மலைகள்; காற்று மிகத் தெளிவாக இருக்கும் நாளில் மட்டுமே தெரியும்.

தொலைவில் இருக்கும் மலைகள் நீலமாகத் தெரிவதைக் கவனித்திருப்பீர்கள். நமக்கும் மலைக்கும் நடுவில் இருக்கும் காற்று, சூரிய ஒளியில் உள்ள நீலத்தை அதிகமாகச் சிதறடித்து நம் கண்ணுக்கு அனுப்புகிறது. தூரம் கூடக் கூட அந்த நீலம் மலையின் பச்சையை மூடிவிடும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. உச்சியிலிருந்து பார்க்கும்போது தொடுவானம் கண்ணுக்கு நேராக இருக்காது. கொஞ்சம் கீழே இருக்கும். ஜெராய் உச்சியில் இந்தச் சரிவு 1.1 பாகை. இந்தச் சிறு கோணத்தை வைத்தே பூமியின் அளவைக் கண்டுபிடிக்க முடியும். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்றைய பாகிஸ்தானில் உள்ள நந்தனா கோட்டைக்கு அருகில் ஒரு மலையில் நின்று அல்பிரூனி என்ற அறிஞர் அதைத்தான் செய்தார். அவர் அளந்த சரிவு 34 கலைதான், அதாவது அரைப் பாகையைவிடச் சற்று அதிகம். அதிலிருந்து பூமியின் ஆரத்தைக் கணக்கிட்டார். இராஜேந்திர சோழனின் கப்பல்கள் ஜெராய் மலையைத் தேடி வந்த அதே காலகட்டம் அது!

காட்சியை மறைப்பது எது?

நம் சூத்திரம் 124 கிலோமீட்டர் என்கிறது. ஆனால் சூத்திரத்துக்குக் காற்றில் என்ன இருக்கிறது என்பது தெரியாது. 2015இலும் 2019இலும் வந்த புகைமூட்டம் உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். பள்ளிகளை மூடினார்கள். எரியும் காடுகளிலிருந்தும் கரிநிலங்களிலிருந்தும் கிளம்பும் நுண்துகள்கள் ஒளியைச் சிதறடித்து மலையையே மறைத்துவிடும். அதே துகள்கள்தான் நம் நுரையீரலுக்குள்ளும் போகின்றன. மலை தெரியவில்லை என்றால் அழகு போய்விட்டது என்பது மட்டும் அல்ல. நாம் சுவாசிக்கும் காற்றைப் பற்றிய செய்தியும் அதில் இருக்கிறது.

மறைந்தால் திரும்பி வராத காட்சிகளும் உண்டு. 2013இல், பூஜாங் பள்ளத்தாக்கில் 11ஆம் எண் இடப்பட்டிருந்த ஒரு பழைய சண்டி, வீடமைப்புக்காக நிலத்தைச் சமன் செய்தபோது இடிக்கப்பட்டது என்ற செய்தி வெளிவந்தது. நாடு முழுவதும் எதிர்ப்பு எழுந்தது. ஆனால் பல நூற்றாண்டுகள் மண்ணுக்குள் பத்திரமாக இருந்த அந்தச் செங்கற்கள் ஒரே வேலையில் போய்விட்டன. புகைமூட்டம் மழை வந்தால் கலையும். சண்டியைத் திருப்பிக் கொண்டுவர எந்த மழையாலும் முடியாது.

நீங்கள் செய்து பாருங்கள்

ஜெராய்க்குப் போக முடியாதே என்று நினைக்க வேண்டாம். சுங்கை வேயிலோ கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ, உங்கள் அடுக்குமாடியின் மேல்தளத் தாழ்வாரமே போதும். பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, தடுப்புச் சுவருக்கு உள்ளே நின்றபடியே பாருங்கள்.

சுங்கை வேயிலிருந்து இரட்டைக் கோபுரம் நேர்கோட்டில் ஏறத்தாழ 13 கிலோமீட்டர். அதன் உயரம் 452 மீட்டர். கையை முழுதாக நீட்டிச் சுண்டு விரலை நிமிர்த்திப் பிடியுங்கள். அதன் அகலம் ஏறத்தாழ 1 பாகை. கோபுரத்தின் முழு உயரமும் தெரிந்தால் இரண்டு சுண்டு விரல் அகலம் இருக்க வேண்டும். அடிப்பகுதியைக் கட்டடங்கள் மறைத்தால் சற்றுக் குறையும். எவ்வளவு குறைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தில் இரண்டு வாரங்களுக்கு ஓர் அட்டவணை போடுங்கள். தினமும் காலையில் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் நின்று மூன்று பொருள்களைப் பாருங்கள்: 1 கிலோமீட்டர் தூரத்தில் ஒன்று, 5 கிலோமீட்டர் தூரத்தில் ஒன்று, இரட்டைக் கோபுரம். எவை தெளிவாகத் தெரிகின்றன, எவை மங்கல், எவை தெரியவில்லை என்று எழுதுங்கள். பக்கத்திலேயே அன்றைய ஐ.பி.யூ. எனப்படும் காற்று மாசுக் குறியீட்டையும், முந்தைய நாள் மழை பெய்ததா என்பதையும் குறியுங்கள். இரண்டு வாரம் கழித்து அந்த அட்டவணையே உங்களுக்கு ஒரு பாடம் சொல்லும்.

கடைசியாக ஒரு கணக்கு. இரட்டைக் கோபுரத்தின் உச்சியிலிருந்து தொடுவானம் எவ்வளவு தூரம்? சூத்திரம் உங்களிடம் இருக்கிறது. விடை 75க்கும் 77க்கும் இடையில் வந்தால் நீங்கள் சரியாகப் போட்டிருக்கிறீர்கள். அடுத்த முறை வடக்கே போகும்போது இடப்பக்கச் சன்னல் இருக்கையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.